அத்தியாயம் 3: பிறகு மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவு செய்யுங்கள்

டேப்லோ சர்வரை நிறுவும் வேலை மட்டும் என்றால் அனுபவமுள்ள நிர்வாகிக்கு அரை நாள் போதும். நிறுவல் கோப்பை இயக்கி, லைசென்ஸ் சாவியைக் கொடுத்து, சில திரைகளைத் தாண்டினால் உள்நுழைவுப் பக்கம் வந்துவிடும். ஆனால் அந்தத் திரைகளில் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில பதில்களை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றை மாற்ற வேண்டுமென்றால் முழுவதையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டும். அப்போது அதை நம்பி ஆயிரம் பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள். இந்த இரண்டாவது வகைக் கேள்விகளை முன்கூட்டியே பிரித்தெடுத்து, உரியவர்களைக் கூட்டி, எழுத்தில் முடிவெடுத்து வைப்பதைத்தான் இந்த அத்தியாயம் திட்டமிடல் என்கிறது. மற்றவற்றில் நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

டேஷ்போர்டுகளை வெளியிடும் தரவுப் பகுப்பாய்வுச் சர்வருக்கு எடுத்துக்காட்டாக டேப்லோவை வைத்துக்கொள்வதற்குக் காரணம், இந்திய நிறுவனங்களில் இது பரவலாக இருப்பதும், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் நிறுவ முடிவதும்தான். லினக்ஸ் பதிப்பு 2018 தொடக்கத்தில் 10.5 வெளியீட்டோடு வந்தது. பவர் பிஐ ரிப்போர்ட் சர்வரையோ வேறொன்றையோ நிறுவப் போகிறவர்களுக்கும் கேள்விகள் இவைதான். பதில்களில் மட்டும் வேறுபாடு இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: மேகக்கணியில் இல்லாமல் ஏன் சொந்த வளாகம்? "ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது" என்று பல கூட்டங்களில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, பணப்பட்டுவாடாத் தரவு இந்தியாவுக்குள் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்கிறது. உங்கள் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. சொந்த வளாகத்துக்கு வலுவான காரணங்கள் வேறு. மூலத் தரவுத்தளங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கலாம். வெளியே செல்லும் இணைப்பு மெதுவாக இருக்கலாம். தணிக்கையாளர் கேட்டால் டிஸ்க் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டியிருக்கலாம். உங்களுக்குப் பொருந்தும் காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். கீழே வரும் பல முடிவுகளுக்கு அந்தப் பக்கம்தான் அளவுகோல்.

பயனர் பட்டியல் எங்கே இருக்கும்?

நிறுவலின்போது சர்வர் ஐடென்டிட்டி ஸ்டோரைக் கேட்கும். பயனர்களின் பட்டியல் சர்வருக்குள்ளேயே இருக்க வேண்டுமா (லோக்கல்), நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரி அல்லது எல்டேப்பிலிருந்து வர வேண்டுமா என்பதுதான் கேள்வி. திரையில் இது ஒரு சின்னத் தேர்வு. விளைவில் இந்த நிறுவலின் மிகப் பெரிய முடிவு இதுதான், ஏனென்றால் பிறகு மாற்ற முடியாது. லோக்கல் சர்வரில் எடுத்த பேக்கப்பை ஆக்டிவ் டைரக்டரி சர்வரில் மீட்டெடுத்துச் சமாளிக்கவும் வழியில்லை. இரண்டு பக்கமும் ஒரே வகையாக இருந்தால்தான் மீட்பு நடக்கும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் புதிதாக நிறுவி, சர்வருக்குள் தனித்தனியாகப் பிரித்து வைத்த ஒவ்வொரு சைட்டையும் ஏற்றுமதி செய்து, பழைய பயனர் பெயரையும் புதியதையும் வரி வரியாகப் பொருத்தி இறக்குமதி செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் பெரும்பாலும் நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. "ஊழியர்கள் ஒரே கடவுச்சொல்லில் உள்ளே வர வேண்டும், ஆகவே ஆக்டிவ் டைரக்டரிதான்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். உள்நுழைவு வேறு, பயனர் பட்டியல் வேறு. சாம்ல் வழியான ஒற்றை உள்நுழைவு லோக்கல் பட்டியலோடும் நன்றாகவே வேலை செய்யும். ஆக்டிவ் டைரக்டரியைத் தேர்ந்தால் உண்மையில் கிடைப்பது குழு ஒத்திசைவு. மண்டல அலுவலகக் குழுவில் ஒருவரைச் சேர்த்தால் டேப்லோவில் உள்ள அதே குழுவிலும் அவர் தானாகச் சேர்வார், விலக்கினால் அதிலிருந்து விலகுவார். இடமாற்றல் அடிக்கடி நடக்கும் வங்கி, காப்பீடு போன்ற நிறுவனங்களுக்கு இது பெரிய வசதி. அதே நேரம் டொமைன் பெயர், நம்பிக்கை உறவு, சர்வீஸ் கணக்கு என்று அந்த டைரக்டரியின் எல்லா மாற்றங்களுக்கும் நீங்கள் கட்டுப்பட்டவராகிறீர்கள். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இந்தியன் வங்கியுடன் இணைந்தது. அத்தகைய இணைப்பு எந்த நிறுவனத்தில் வரும்போதும் ஆயிரக்கணக்கான பயனர் பெயர்களும் டொமைன்களும் மாறக்கூடும். உங்கள் நிறுவனத்தில் அடுத்த சில ஆண்டுகளில் டைரக்டரி மாற்றமோ, மேகக்கணி அடையாளச் சேவைக்குப் பெயர்ச்சியோ பேச்சில் இருந்தால், லோக்கல் பட்டியலும் சாம்ல் உள்நுழைவும்தான் பாதுகாப்பான கூட்டு என்பது என் கருத்து. அப்போது குழு மேலாண்மையை நிரல் வழியாகச் செய்யப் பழக வேண்டியிருக்கும்.

ஆக்டிவ் டைரக்டரி என்றே முடிவானால், டைரக்டரியைப் படிக்கப் பயன்படும் சர்வீஸ் கணக்கின் கடவுச்சொல் எப்போது காலாவதியாகும் என்று நிறுவலுக்கு முன்பே கேளுங்கள். 90 நாளில் காலாவதியாகும் பொதுக் கொள்கை அந்தக் கணக்குக்கும் பொருந்தினால், மூன்று மாதம் அமைதியாக ஓடிய சர்வரில் ஒரு காலை திடீரென்று குழு ஒத்திசைவு நின்றுவிடும். அதற்குள் நிறுவியவர் வேறு திட்டத்துக்குப் போயிருப்பார்.

டிஸ்க்கும் தரவுக் கோப்புறையும்

இதுவும் மாற்ற முடியாத வகை. லினக்ஸில் தரவுக் கோப்புறை இயல்பாக 'வர்' பகுதிக்குள் போய் உட்காரும். தொடக்க அமைப்பின்போது வேறு இடம் சொல்லலாம். அதன் பிறகு இடம் மாற்ற மறுநிறுவல்தான். விண்டோஸிலும் சி டிரைவா, டி டிரைவா என்பதை நிறுவும்போதே சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்புக் குழு தயாரித்துக் கொடுக்கும் லினக்ஸ் இமேஜ்களில் 'வர்' தனிப் பகுதியாக, பல நேரம் மிகச் சிறியதாக இருக்கும். சர்வரின் களஞ்சியமான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், எக்ஸ்ட்ராக்ட் கோப்புகள், லாக்குகள், பேக்கப் கோப்பு உருவாகும் இடம் என்று எல்லாமே அந்தக் கோப்புறைக்குள் வளர்கின்றன. டிஸ்க் நிரம்பினால் களஞ்சியம் நிற்கும். களஞ்சியம் நின்றால் சர்வரே நின்றது போலத்தான். ஆகவே இயக்க முறைமைக்கு ஒரு டிஸ்க், தரவுக்குத் தனியாக ஒரு டிஸ்க் கேளுங்கள். பின்னால் அளவைக் கூட்டும்படி எல்விஎம் அமைப்பில் கேளுங்கள். உற்பத்திச் சர்வருக்கு 500 ஜிபிக்குக் குறைத்துக் கேட்க வேண்டாம். வைரஸ் தடுப்பு மென்பொருளின் உடனடிச் சோதனையிலிருந்து இந்தக் கோப்புறைக்கு விலக்கு வேண்டும் என்பதையும் அதே கோரிக்கையில் சேர்த்துவிடுங்கள். அந்த விலக்குக்குப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் கிடைக்கத்தான் அதிக நாள் பிடிக்கும்.

எக்ஸ்ட்ராக்ட் என்பது உங்கள் தரவின் இன்னொரு பிரதி என்பதை மறக்காதீர்கள். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் மூலத் தரவுத்தளத்தில் எத்தனை பூட்டுக்குள் இருந்தாலும், எக்ஸ்ட்ராக்ட் எடுத்த கணத்தில் அவை இந்த டிஸ்க்கிலும் இருக்கின்றன. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு, தரவு எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியலில் இந்தச் சர்வரும் இடம்பெற வேண்டும். எக்ஸ்ட்ராக்ட்டுகளை மறையாக்கம் செய்து சேமிக்கும் வசதி 2019.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. சைட் வாரியாக அதைக் கட்டாயமாக்கலாம். செயல்திறனில் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டும். தனிநபர் தரவு இருக்கும் சைட்டுக்கு அந்த விலை தகும்.

எவ்வளவு பெரிய இயந்திரம்?

வன்பொருள் அளவு பிறகு மாற்றக்கூடியது, குறிப்பாக மெய்நிகர் இயந்திரமாக இருந்தால். ஆனாலும் பட்ஜெட் ஆண்டுக்கு ஒரு முறைதான் திறக்கும் என்பதால் முதல் கணக்கு ஓரளவு சரியாக இருக்க வேண்டும்.

முன்பு உற்பத்திச் சர்வருக்கு 8 கோர், 32 ஜிபி ரேம் என்றிருந்த பரிந்துரை பதிப்புக்குப் பதிப்பு ஏறி, அண்மைப் பதிப்புகளில் ரேம் 128 ஜிபி வரை வந்துவிட்டது. நீங்கள் நிறுவப் போகும் பதிப்பின் ஆவணத்தை மட்டும் பாருங்கள். நண்பர் அனுப்பிய பழைய அட்டவணையை நம்பாதீர்கள். 8 கோர் என்பது 8 இயற்பியல் கோர். மெய்நிகர் இயந்திரத்தில் அதற்கு 16 விசிபியு வேண்டும். "8 கோர் கேட்டார்கள்" என்று மெய்நிகராக்கக் குழு 8 விசிபியு கொடுத்தால் உங்களுக்குக் கிடைத்தது பாதிதான். அந்த வளங்கள் உங்களுக்கே ஒதுக்கப்பட்டவையா, பக்கத்து இயந்திரங்களோடு பங்கிடப்பட்டவையா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இந்தக் கணக்கைப் பயனர் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் காலை நேரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். இரவு நாள்முடிவு வேலைகள் முடிந்து தரவுக் கிடங்கு தயாராக அதிகாலை 4 மணி ஆகிறது. மொத்தம் 120 எக்ஸ்ட்ராக்ட்டுகள், ஒவ்வொன்றுக்கும் சராசரி 6 நிமிடம், ஆக 720 நிமிட வேலை. எக்ஸ்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கும் பேக்கிரவுண்டர் செயல்முறை ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். இரண்டு பேக்கிரவுண்டர் இருந்தால் 6 மணி நேரம், அதாவது காலை 10 மணி. மூன்று இருந்தால் 4 மணி நேரம், காலை 8 மணிக்கு முடியும். ஒன்பதரைக்குக் கிளை மேலாளர்கள் டேஷ்போர்டைத் திறக்கும்போது அதை வரைந்து காட்டும் விஸ்க்யூஎல் செயல்முறைகளுக்கு அதே கோர்கள் தேவைப்படுகின்றன. இரண்டோடு நிறுத்தியிருந்தால் அந்த அரை மணி நேரம் புதுப்பிப்பும் பார்வையும் ஒன்றையொன்று நெருக்கும். மேலாளர் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் பார்ப்பதும் நேற்றைய எண்ணாக இருக்கும். பேக்கிரவுண்டரைக் கூட்டினாலும் கோர் எண்ணிக்கை கூடாது என்பதால், நாள்முடிவு தாமதமாகும் மாதக் கடைசி நாட்களையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அந்த நாட்களில் மோதல் தவிர்க்க முடியாதது என்று தெரிந்தால், பேக்கிரவுண்டருக்குத் தனி நோடு, அதாவது தனி இயந்திரம், கேட்கும் வாதம் உங்கள் கையில் தயாராக இருக்கும்.

ஒன்றா, மூன்றா?

"இரண்டு சர்வர் போட்டுவிட்டால் ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும்" என்ற எண்ணம் இந்த மென்பொருளுக்குப் பொருந்தாது. நோடுகளுக்கிடையே யார் தலைமை, எது உயிரோடு இருக்கிறது என்பதை ஒருங்கிணைப்புச் சேவை பெரும்பான்மை வாக்கால் தீர்மானிக்கிறது. உள்ளே இருப்பது அப்பாச்சி ஸூகீப்பர். இரண்டில் ஒன்று போனால் மீதமுள்ள ஒன்று பெரும்பான்மை ஆகாது. மூன்றில் ஒன்று போனால் இரண்டு பெரும்பான்மை. ஐந்தில் இரண்டு போனாலும் தாங்கும். ஆகவே தானாகச் சமாளிக்கும் அமைப்பு வேண்டுமென்றால் குறைந்தது மூன்று நோடு. களஞ்சியம் மட்டும் எத்தனை நோடு இருந்தாலும் இரண்டுதான்: ஒன்று செயலில், ஒன்று காத்திருப்பில். இரண்டு நோடு வேலையைப் பங்கிட உதவும். பாதுகாப்புக்கு உதவாது.

மூன்று நோடு போட்டாலும் நிர்வாகக் கட்டுப்பாட்டுச் சேவையும் லைசென்ஸ் சேவையும் முதல் நோடில்தான் இருக்கும். அந்த நோடு முழுதாகப் போனால் அவற்றை வேறு நோடுக்கு மாற்றும் வேலையைக் கையால் செய்ய வேண்டும். முதல் நோடு எந்த இயந்திரம் என்பதைச் சாதாரணமாக முடிவு செய்யாதீர்கள். எல்லா நோடுகளும் ஒரே தரவு மையத்தில், நிலையான ஐபி முகவரியோடு இருக்கட்டும். ஒன்று சென்னையிலும் ஒன்று ஹைதராபாத்திலும் என்று நோடுகளைப் பரப்புவது பேரிடர் மீட்புத் திட்டம் ஆகாது. அதற்குத் தனியான இரண்டாவது நிறுவலும் ஒழுங்கான பேக்கப்பும் வேண்டும்.

உண்மையில் பல நிறுவனங்களுக்கு ஒற்றை நோடே போதும். சர்வர் இரண்டு மணி நேரம் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வணிகப் பிரிவைக் கேளுங்கள். "காலை அறிக்கை தாமதமாகும்" என்பதுதான் பதில் என்றால், மூன்று நோடுக்கான பணத்தை ஒரு பெரிய நோடுக்கும் நல்ல சோதனைச் சர்வருக்கும் செலவிடுங்கள். நோடைப் பின்னர் சேர்க்கலாம்.

நெட்வொர்க் குழுவிடம் போகும் முன்

ஃபயர்வால் கோரிக்கையை ஒரே தாளில், ஒரே முறையில் கொடுங்கள். பயனர்களுக்கு 443. நிர்வாகிகளின் இயந்திரங்களுக்கு மட்டும் 8850, இது சர்வரின் நிர்வாகப் பக்கம். பல நோடு என்றால் அவற்றுக்கிடையே 8000 முதல் 9000 வரையும், லைசென்ஸுக்கு 27000 முதல் 27009 வரையும். பிறகு சர்வரிலிருந்து மூலங்களுக்கு: ஆரக்கிள் என்றால் வழக்கமாக 1521, எஸ்க்யூஎல் சர்வர் என்றால் 1433, டைரக்டரிக்கு 636, மின்னஞ்சலுக்கு உங்கள் எஸ்எம்டிபி போர்ட்.

சர்வரிலிருந்து தரவு மூலங்களுக்குப் போகும் இந்தக் கடைசிப் பகுதிதான் விடுபடும். ஆய்வாளரின் மடிக்கணினியிலிருந்து தரவுத்தளத்துக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கும். அவர் டேஷ்போர்டைச் செய்து, சோதித்து, சர்வரில் வெளியிடுவார். அங்கே திறந்தால் இணைப்புப் பிழை. வெளியிட்ட பிறகு தரவுத்தளத்தைத் தொடுவது அவர் மடிக்கணினி அல்ல, சர்வர். ஆகவே கோரிக்கைத் தாளில் 'மூலம்' (இணைப்பு தொடங்கும் இடம்) என்ற கட்டத்தில் எல்லா நோடுகளின் ஐபியும் இருக்க வேண்டும்.

எஸ்எஸ்எல் சான்றிதழைக் கேட்கும்போது மூன்று கோப்புகள் கேளுங்கள்: சான்றிதழ், தனிச்சாவி, இடைநிலைச் சங்கிலி. மூன்றும் பெம் வடிவில் இருக்கட்டும். சங்கிலிக் கோப்பு இல்லாமலும் அலுவலகக் கணினியின் உலாவி பச்சைக்கொடி காட்டிவிடும், ஏனென்றால் இடைநிலைச் சான்றிதழ் அங்கே வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கும். மேலாண்மை இயக்குநர் கைபேசிச் செயலியில் திறக்கும்போதுதான் பிழை தெரியும்.

அடுத்தது நேரம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு, அல்லது அவற்றை அடியொற்றும் சர்வர்களோடு, ஒத்திசைந்திருக்க வேண்டும். இது தணிக்கைக்கு மட்டும் பயன்படுவதல்ல. ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் கெர்பரோஸ் உள்நுழைவு இயல்பாக 5 நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுக்காது. அதே உத்தரவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. டேப்லோவின் துப்புரவுக் கட்டளை பழைய லாக்குகளை அழித்துவிடும் என்பதால், அதை அட்டவணையில் போடும் முன் லாக்குகள் உங்கள் மைய லாக் சர்வருக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள்.

டிரைவர்களும் எழுத்துருக்களும்

விண்டோஸா, லினக்ஸா என்ற விவாதத்தை உங்கள் தரவு மூலங்கள் தீர்த்து வைக்கும். மைக்ரோசாஃப்ட் அனாலிசிஸ் சர்வீசஸ் கியூப்களை நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு லினக்ஸ் உதவாது. அந்தத் தடை இல்லையென்றால், இரவு 2 மணிக்குப் பிரச்சினை வந்தால் உங்கள் குழு எதில் கை வைக்கப் பழகியிருக்கிறதோ அதையே எடுங்கள். டேப்லோ ஒரு தரவுத்தளத்தை ஆதரிக்கிறது என்பதாலேயே அதற்கான டிரைவர் சர்வரில் வந்துவிடாது. ஆரக்கிள், சாப் ஹானா போன்றவற்றுக்கான டிரைவரை நீங்களே இறக்கி, தரவுத்தளத்தைத் தொடும் ஒவ்வொரு நோடிலும் போட வேண்டும். இணையம் இல்லாத வலையமைப்பாக இருந்தால் இவற்றையும், ஆஃப்லைனில் லைசென்ஸைச் செயல்படுத்தும் கோப்பையும் எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதற்கான அனுமதியை முன்பே வாங்குங்கள்.

தமிழில் அறிக்கை தரும் நிறுவனங்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டேஷ்போர்டை பிடிஎஃப் ஆகவோ மின்னஞ்சல் படமாகவோ மாற்றுவது சர்வர். அது தன்னிடம் உள்ள எழுத்துருக்களைத்தான் பயன்படுத்தும். குறைந்தபட்ச லினக்ஸ் நிறுவலில் தமிழ் எழுத்துரு இருக்காது. ஆய்வாளரின் திரையில் திருநெல்வேலி, தூத்துக்குடி என்று அழகாகத் தெரிந்த அச்சு, ஆட்சியருக்குப் போகும் பிடிஎஃப்பில் வரிசையாகச் சதுரக் கட்டங்களாக நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு எழுத்துருவை எல்லா நோடுகளிலும் போட்டு, ஒரு தமிழ் பிடிஎஃப்பை அச்சிட்டுப் பார்ப்பதை ஏற்புச் சோதனையில் சேருங்கள். மூலத் தரவு ஒருங்குறியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய அட்டவணைகளில் வானவில் போன்ற எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்த பெயர்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றைச் சர்வர் தானாக மாற்றித் தராது. தரவுக் கிடங்கிலேயே மாற்றி வைக்க வேண்டும்.

பேக்கப்பும் ஒத்திகையும்

பேக்கப் கட்டளை உள்ளடக்கத்தை, அதாவது களஞ்சியத்தையும் எக்ஸ்ட்ராக்ட்டுகளையும் மட்டும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். எந்த நோடில் எத்தனை செயல்முறை என்ற அமைப்பும் உள்ளமைவும் அதில் வராது. அவற்றைத் தனியான ஏற்றுமதிக் கட்டளையால் எடுக்க வேண்டும். சான்றிதழ்க் கோப்புகளையும் லைசென்ஸ் சாவிகளையும் வேறாகப் பாதுகாக்க வேண்டும். பேக்கப் கோப்பு அதே தரவு டிஸ்க்கில்தான் உருவாகும். அதை வேறு சேமிப்பகத்துக்கு நகர்த்தும் ஸ்கிரிப்ட்டை நிறுவிய அன்றே எழுதுங்கள். மெய்நிகர் இயந்திரத்தின் ஸ்னாப்ஷாட்டை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து சீரான நிலைக்குத் திரும்ப முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒரே லைசென்ஸ் சாவியை ஓர் உற்பத்திச் சர்வரிலும், உற்பத்தி அல்லாத இரண்டு சர்வர்களிலும் செயல்படுத்திக்கொள்ள அனுமதி உண்டு. ஆகவே சோதனைச் சர்வருக்கு மென்பொருள் செலவு இல்லை, வன்பொருள் செலவு மட்டும்தான். அந்தச் சர்வரை உற்பத்திச் சர்வரின் அதே பதிப்பில், அதே ஐடென்டிட்டி ஸ்டோர் வகையில் நிறுவுங்கள். பயனர்களை அழைக்கும் முன் உற்பத்தியின் பேக்கப்பை எடுத்து அதில் மீட்டுப் பாருங்கள். மீட்ட உடனே சோதனைச் சர்வரின் மின்னஞ்சல் அமைப்பையும் அட்டவணைகளையும் நிறுத்திவையுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலை எல்லா மேலாளர்களுக்கும் ஒரே அறிக்கை இரண்டு முறை போகும். மீட்பு எத்தனை மணி நேரம் எடுத்தது, எந்தப் படியில் யாருடைய கடவுச்சொல் தேவைப்பட்டது, எந்த டிரைவர் விடுபட்டிருந்தது என்பதை நடக்க நடக்கவே குறித்துக்கொள்ளுங்கள். அந்த மணிக்கணக்கை வணிகப் பிரிவிடம் காட்டி, அவ்வளவு நேரம் சர்வர் இல்லாமல் இருக்கலாமா என்று கேட்டு, பதிலில் கையொப்பம் வாங்கிய பிறகு முதல் பயனரைச் சேருங்கள்.